சோறு போட்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த சங்கம்: 19ஆம் நூற்றாண்டுச் சீனாவில் ஒரு தர்மப் பள்ளிக்கூடம் நடந்த விதம்

மிஷன் பள்ளிக்கூடம் என்றாலே ஒரு பாதிரியார், அவர் கட்டிய ஓட்டுக் கட்டடம், அதில் படித்துப் பெரிய ஆளான நாலு பேர் என்று கதை தானாக ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கதையில் சந்தா நோட்டு வருவதில்லை. வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள், பையன்களுக்கு அரிசி யார் வாங்கிப் போட்டார்கள், பணம் கொடுத்தவருக்கு யார் கணக்குக் காட்டினார்கள் என்று கேட்டால், 19ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் கிடைக்கும் பதில் 'சங்கம்'. மிஷனுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, ஆனால் அதோடு முழுக்கக் கலந்துவிடாமல், கல்விக்கென்று நன்கொடை திரட்டி நடத்திய அமைப்பு அது.

இந்த மாதிரிச் சங்கங்கள் எப்படி ஓடின என்று புரிந்துகொள்ளச் சீனாவில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர் மாரிசன் கல்விச் சங்கம். அது நடத்திய பள்ளி ஒன்றும் பெரிதில்லை. நல்ல நாளில் நாற்பது சொச்சம் பையன்கள், ஆயுள் சுமார் பத்து ஆண்டு. ஆனால் பணம் கொடுப்பவர், பாடம் நடத்துபவர், பிள்ளையை அனுப்புபவர் என்று மூன்று தரப்புக்கும் ஒரே பள்ளியிடமிருந்து வேறு வேறு தேவை இருந்தால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மிஷன் வேறு, சங்கம் வேறு

மிஷன் என்பது தாய்நாட்டுச் சபைகளின் காணிக்கையில் நடப்பது. லண்டனிலோ பாஸ்டனிலோ ஒரு தலைமையகம் இருக்கும். அங்கிருந்து ஆளும் வரும், பணமும் வரும், உத்தரவும் வரும். சங்கம் அப்படியில்லை. இருக்கிற ஊரிலேயே வியாபாரி, டாக்டர், அதிகாரி, பாதிரியார் என்று நாலு தரப்பட்டவர்கள் ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். அப்புறம் கூட்டம் போட்டு விதிகள் எழுதுவார்கள். தலைவர், பொருளாளர், செயலாளர் என்று பொறுப்புக்கு ஆள் போடுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை கூடி அறிக்கை படித்துக் கணக்கு ஒப்படைத்து, அதை அச்சடித்து வெளியிடுவார்கள்.

அந்தக் காலத்து ஆங்கிலேயர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இது பழகிப்போன வழி. இங்கிலாந்திலேயே ஏழைப் பிள்ளைகளின் படிப்பை இப்படிப்பட்ட சங்கங்கள்தான் நடத்தின. பாராளுமன்றம் முதன்முதலாகப் பள்ளிக் கட்டடங்களுக்கென்று பணம் ஒதுக்கியது 1833இல்தான். அதைக்கூட இரண்டு பள்ளிச் சங்கங்கள் வழியாகத்தான் கொடுத்தார்கள். ஆகவே சீனாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று தோன்றியபோது, கை தானாகச் சந்தா நோட்டைத் தேடிப் போனது.

ஒரு மரணமும் ஒரு சுற்றறிக்கையும்

ராபர்ட் மாரிசன் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆள். 1807இல் காண்டனுக்கு, அதாவது இன்றைய குவாங்சோவுக்கு, வந்து சேர்ந்தவர். சீனாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரி. பைபிளைச் சீனத்தில் மொழிபெயர்த்தார், பெரிய அகராதி ஒன்றைத் தொகுத்தார், பிழைப்புக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி காண்டனில் இறந்தார். மக்காவ் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

அவர் நினைவாக என்ன செய்யலாம் என்ற பேச்சு எழுந்தது. 1835 ஜனவரியில் காண்டனில் இருந்த வெளிநாட்டார் நடுவே ஒரு சுற்றறிக்கை போனது. 22 பேர் கையெழுத்திட்டார்கள். சேர்ந்த தொகை 4,860 வெள்ளி டாலர். சிலை வைக்கவில்லை, மண்டபம் கட்டவில்லை. சீனப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த ஒரு சங்கம் என்று முடிவாயிற்று. 1836 இலையுதிர் காலத்தில் முறையாகக் கூடி விதிகளை ஏற்றார்கள்.

இப்போது நிர்வாகிகள் பட்டியலைப் பாருங்கள். தலைவர் லான்சலாட் டென்ட். பொருளாளர் வில்லியம் ஜார்டின். இந்த இருவரின் கம்பெனிகளும்தான் அன்று சீனாவில் அபின் விற்றவற்றில் முதல் இரண்டு. ஒருவருக்கொருவர் தொழிலில் ஜென்மப் பகை; பள்ளிக்கூட விஷயத்தில் மட்டும் ஒரே மேஜை. அபினைத் தொடவே மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த ஆலிஃபண்ட் என்ற அமெரிக்க வியாபாரி முதல் குழுவில் இருந்தார். கடிதப் போக்குவரத்துச் செயலாளர் எலைஜா பிரிட்ஜ்மன், அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பு அனுப்பிய பாதிரியார். கூட்டக் குறிப்பு எழுதியவர் மாரிசனின் மகன் ஜான் ராபர்ட் மாரிசன்.

இங்கே நம் பக்கம் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. பிரிட்ஜ்மனை அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டுதான் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி நடத்தியது, மதுரையில் மிஷன் வைத்தது. அங்கெல்லாம் மிஷனே பள்ளிக்கு முதலாளி. காண்டனில் அந்த போர்டின் ஆள் அபின் வியாபாரிகளோடு உட்கார்ந்து சங்கம் நடத்த வேண்டியிருந்தது. பிரிட்ஜ்மன் அபினைக் கண்டித்து எழுதியவர்தான். ஆனாலும் சந்தா வாங்கினார். அவரைக் குறை சொல்வது சுலபம். அந்த ஊரில் காசு இருந்த இடம் அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விதிகளில் என்ன இருந்தது

சங்கத்தின் நோக்கம் ஒரே வரிதான்: சீனப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியோடு சேர்த்து ஆங்கிலமும் எழுதப் படிக்கக் கற்றுத் தருவது, அந்த ஆங்கிலத்தின் வழியாக மேற்கத்திய அறிவு முழுவதையும் அவர்கள் கைக்கு எட்ட வைப்பது. சங்கத்தை நடத்துவது சந்தா கட்டியவர்களும் அவர்கள் போட்ட நிர்வாகிகளும். தேவைப்படுகிற பையன்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். பெற்றோர் சம்மதித்தால் பையனை வெளிநாட்டுக்கும் படிக்க அனுப்பலாம்.

மதம்? பைபிள் படிக்க வைப்பார்கள், புரியாத இடத்தை விளக்குவார்கள். ஆனால் பையன் அதை நம்புகிறானா இல்லையா என்பதை வைத்து அவனைச் சேர்ப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை. இதைப் பெரிய தாராள மனசு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா வியாபாரிகளிடமும் சந்தா வாங்க வேண்டும் என்றால் விதியை அப்படித்தான் எழுத முடியும். முழு மதப் பள்ளி என்றால் பாதிப் பேர் பையை மூடிக்கொள்வார்கள். மதமே இல்லை என்றால் பாதிரிமார்கள் விலகிவிடுவார்கள்.

இதெல்லாம் காகிதத்தில். நிஜத்தில் பள்ளி நடத்த இடமே கிடையாது. அப்போது வெளிநாட்டார் சீனாவுக்குள் நினைத்தபடி போக முடியாது. காண்டன் மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்த கிடங்கு வீடுகளில், வியாபாரப் பருவத்தில் மட்டும் தங்கலாம். மனைவி மக்களை அங்கே கூட்டி வரக் கூடாது. வெளிநாட்டாருக்குச் சீனம் சொல்லிக்கொடுப்பதே குற்றம். அப்படிப்பட்ட ஊரில் சீனப் பையன்களைக் கூட்டி வைத்து ஆங்கிலப் பள்ளி நடத்துவது நடக்கிற காரியமா? போர்ச்சுகீசியர் கையில் இருந்த மக்காவ் ஒன்றுதான் வழி.

வாத்தியார் வரும்வரை

ஆங்கிலம் கற்றுத்தரத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்று இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கடிதம் போட்டுவிட்டுச் சங்கம் காத்திருந்தது. அதுவரை சும்மா இருக்கவில்லை. சீனாவில் கல்வி எப்படி இருக்கிறது, எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும், பள்ளியில் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்துத் தொகுத்தது. ஒரு நூலகம் சேர்த்தது. அப்புறம், மக்காவில் மிஷனரி குட்ஸ்லாஃபின் மனைவி நடத்திய சின்னப் பெண்கள் பள்ளிக்குப் பண உதவி செய்து, அங்கே சில பையன்களையும் படிக்க வைத்தது. பின்னால் வரப்போகும் பெரிய பள்ளிக்கு இது தயாரிப்பு வகுப்பு.

அந்தப் பையன்களில் ஒருவன் யுங் விங். 1828இல் மக்காவுக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன். அண்ணனைக் கன்ஃபூசியப் பள்ளிக்கு அனுப்பிய அப்பா, தம்பியை 1835இல் இந்த வெள்ளைக்கார அம்மாவிடம் கொண்டுவந்து விட்டார். ஒரு பிள்ளை பழைய வழி, இன்னொரு பிள்ளை புது வழி. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் குடும்பம் கரையேறும் என்று கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது.

யுங் விங் முதுமையில் எழுதிய சுயசரிதையில் இந்தப் பள்ளி வருகிறது. பொடியன் என்பதால் அவனை மாடியில் பெண் பிள்ளைகளோடு வைத்திருந்தார்கள். அடைபட்டுக் கிடப்பது பிடிக்காமல் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு படகு பிடித்துத் தப்பித்தான். பாதித் தண்ணீர் தாண்டுவதற்குள் பின்னால் துரத்தி வந்த படகு மடக்கிவிட்டது. அன்று பள்ளி முடிந்ததும் ஏழு பேரையும் நீள மேஜை மேல் வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். தலையில் கூம்புத் தொப்பி. நடுவில் யுங் விங். அவன் மார்பில் 'ஓடிப்போனவர்களின் தலைவன்' என்று எழுதிய அட்டை. அந்தக் கோலத்தில் நிற்கிறவர்கள் கண்ணெதிரே குட்ஸ்லாஃப் அம்மா மற்றப் பிள்ளைகளுக்கு இஞ்சி ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வினியோகம் செய்தார். எழுபது வருஷம் கழித்து எழுதும்போதும் மனிதருக்கு அந்த ஆரஞ்சு மறக்கவில்லை.

தர்மப் பள்ளி என்பதை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். கொடுப்பவர் கணக்கில் அது இலவசக் கல்வி. ஏழு வயதுப் பையனுக்கு அது பூட்டிய வீடு.

பிரவுன் வந்த நேரம்

இங்கிலாந்திலிருந்து ஆள் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் யேல் கல்லூரிப் பேராசிரியர்கள் தங்கள் பழைய மாணவர் சாமுவேல் ராபின்ஸ் பிரவுனைக் கைகாட்டினார்கள். ஆலிஃபண்ட் கம்பெனி தன் கப்பலில் அவருக்கும் மனைவிக்கும் காசு வாங்காமல் இடம் கொடுத்தது. 1838 அக்டோபரில் புறப்பட்ட பிரவுன் 1839 பிப்ரவரியில் மக்காவில் இறங்கினார்.

இதைவிட மோசமான நேரத்தில் அவர் வந்திருக்க முடியாது. பொருளாளர் ஜார்டின் அதற்கு முந்தைய மாதம்தான் சீனாவை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியிருந்தார். மார்ச்சில் பேரரசரின் ஆணையாளர் லின் சேசூ காண்டனுக்கு வந்து, அபின் முழுவதையும் ஒப்படைக்கும்வரை வெளிநாட்டாரைக் கிடங்குகளிலேயே முற்றுகையிட்டு வைத்தார். முதலில் யாரைப் பிடித்து ஒப்படைக்கச் சொன்னார் தெரியுமா? லான்சலாட் டென்டை. சங்கத்தின் முதல் தலைவரே தேடப்படும் ஆள். ஜூனில் 20,000 பெட்டிக்கு மேல் அபினை ஹூமென் கரையில் அழித்தார்கள். ஆகஸ்டில் ஆங்கிலேயர்கள் மக்காவையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

பிரவுன் அமெரிக்கர் என்பதால் தங்கிவிட்டார். சீனம் கற்றுக்கொண்டு பொறுத்திருந்தார். நவம்பர் முதல் வாரத்தில் ஆறே பையன்களோடு பள்ளியைத் திறந்தார். அதே வாரத்தில், 3ஆம் தேதி, சுவன்பி அருகே ஆங்கிலப் போர்க்கப்பல்கள் சீனக் கப்பல்கள் மேல் குண்டு வீசின. அபின் யுத்தமும் பள்ளியும் சேர்ந்தே தொடங்கின என்று சொன்னால் தப்பில்லை.

சும்மா ஏன் சோறு போடுகிறான்?

ஆசிரியர் வந்துவிட்டார், பணம் இருக்கிறது, எல்லாம் இலவசம். பையன்கள் குவிந்திருக்க வேண்டுமே? குவியவில்லை. இந்த வகைச் சங்கங்களைப் பற்றிப் படிக்கும்போது பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

அன்றைய சீனாவில் படிப்புக்கு ஒரே ஒரு பெரிய பலன் உண்டு: அரசுத் தேர்வு. கன்ஃபூசிய நூல்களை மனப்பாடம் செய்து, கட்டுரை எழுதித் தேறினால் அதிகாரி ஆகலாம். கெட்டிக்காரப் பையன் உள்ள வசதியான குடும்பம் அவனை அந்தப் பக்கம்தான் அனுப்பும். அதில் ஆங்கிலம் ஒரு மதிப்பெண்கூடத் தராது. ஆகவே பிரவுனிடம் வந்தவர்கள் பெரும்பாலும் தேர்வுக்குச் செலவு செய்ய முடியாத வீட்டுப் பிள்ளைகள்.

அவர்களுக்கும் பயம். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? பிரவுன் தம் ஆண்டறிக்கை ஒன்றில், மூன்று மகன்களைச் சேர்த்திருந்த ஒரு தகப்பனார் பின்னால் மனம் திறந்து சொன்னதை எழுதியிருக்கிறார். ஒரு வெளிநாட்டுக்காரன் நம் பிள்ளைக்கு ஏன் சும்மா சோறு போட்டுப் படிக்கவைக்க வேண்டும், ஏதோ கெட்ட நோக்கம் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக மயக்கி வேறு தேசத்துக்குக் கடத்திவிடுவான் என்றுதான் முதலில் நினைத்தோம் என்றார் அவர். இப்போது புரிகிறது, என் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை, மூத்தவன் மொழிபெயர்ப்பாளராக அரசாங்க வேலைக்கே தேறிவிட்டான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த முதல் சந்தேகம் அறியாமை என்று பிரவுனுக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அபின் விற்கிறவர்கள் பணம் போட்டு நடத்தும் பள்ளி, வெளியே பீரங்கிச் சத்தம். அந்த நிலையில் பிள்ளையைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டு வந்திருந்தால்தான் ஆச்சரியம். அந்தத் தகப்பனாரைச் சமாதானப்படுத்தியது எது என்பதையும் பாருங்கள்: மகன் உயிரோடு இருக்கிறான், வேலை கிடைத்திருக்கிறது. மேற்கத்திய அறிவு கைக்கு எட்டுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யுங் விங்கின் வீட்டிலும் இதே கணக்குத்தான். குட்ஸ்லாஃப் அம்மாவின் பள்ளி மூடியபின் அவன் ஊருக்குத் திரும்பினான். அப்பா 1840இல் இறந்துபோனார். பையன் தெருவில் மிட்டாய் விற்றான். நாளைக்கு 25 சென்ட் கிடைத்தது. அறுவடைக் காலத்தில் அக்காவோடு வயலில் கதிர் பொறுக்கினான். இவனுக்கு வெள்ளைக்காரன் பாஷை தெரியும் என்று அக்கா சொல்லிவிட, அறுப்புக்காரர்களின் தலைவன், 'எங்கே, பேசிக் காட்டு' என்றான். பையன் சேற்றில் நின்றுகொண்டு ஏ பி சி டி முழுவதையும் ஒப்பித்தான். கதிர் அரிவாளை நிறுத்திவிட்டு எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பரிசு, சுமக்க முடியாத அளவுக்கு நெற்கதிர்க் கட்டுகள். ஆங்கிலத்தால் அவன் பெற்ற முதல் வருமானம் அதுதான்.

அப்புறம் மக்காவில் ஓர் அச்சகத்தில் காகிதம் மடிக்கும் வேலை, மாதம் நாலரை டாலர். குட்ஸ்லாஃப் அம்மா சொல்லி வைத்திருந்ததால் மருத்துவ மிஷனரி ஹாப்சன் அவனைத் தேடிப் பிடித்தார். 1841இல் பிரவுனின் பள்ளியில் சேர்த்தார்கள். கையில் வரும் சம்பளத்தை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போவதென்றால் அம்மாவைச் சம்மதிக்கவைக்க வேண்டியிருந்தது. இலவசப் பள்ளிக்கும் ஏழை வீடு கொடுக்கும் விலை இது. கட்டணம் இல்லைதான், ஆனால் பையனின் கூலி நின்றுவிடுகிறது.

உள்ளே ஒரு நாள்

பிரவுன் பையன்களைத் தன் வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே வைத்திருந்தார். பள்ளியும் விடுதியும் அவர் வீடும் ஒன்றே. நாளில் பாதி ஆங்கிலம், பாதி சீனம். யுங் விங் படித்த காலத்தில் காலையில் ஆங்கிலப் பாடம், மதியத்துக்கு மேல் சீனம். சீனத்துக்குத் தனி வாத்தியார் உண்டு. அவர் ஊர் வழக்கப்படி பழைய நூல்களை மனப்பாடம் செய்யவைப்பார். ஆகப் புத்தகத்தோடு எட்டு மணி நேரம், திறந்த வெளியில் விளையாட்டு மூன்று நாலு மணி நேரம்.

இந்தப் பாதிப் பாதி ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனிக்கலாம். சீனம் இல்லாவிட்டால் பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தவிர, சீனம் எழுதத் தெரியாத மொழிபெயர்ப்பாளரால் யாருக்கும் பயனில்லை. பிரவுனுக்கோ மனப்பாட முறை மேல் துளியும் மரியாதை இல்லை. அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிற பையன்களை யோசிக்கவைப்பதே பெரும்பாடு என்று அறிக்கையில் புலம்பியிருக்கிறார். ஒரே பையன் பகலில் பாதி நேரம் 'சொன்னதை அப்படியே சொல்', மீதி நேரம் 'நீயாகச் சொல்' என்று இரண்டு வாத்தியார்களுக்கு நடுவே அல்லாடினான்.

ஆங்கிலப் பக்கத்தில் வாசிப்பு, கணக்கு, பூகோளம் என்று தொடங்கி மூத்த வகுப்புக்கு அல்ஜீப்ரா, ஜியோமிதி, வரலாறு வரை போனார்கள். கட்டுரை எழுதவும் பயிற்சி கொடுத்தார்கள். 1845இல் யுங் விங் எழுதிய கட்டுரையின் பொருள் 'நியூயார்க்குக்கு ஒரு கற்பனைப் பயணம்'. பையன்கள் எழுதிய ஆங்கிலத்தைச் சங்கத்தின் அறிக்கைகளில் அப்படியே அச்சிட்டார்கள். காரணம் தெளிவு: சந்தாதாரர் பள்ளிக்கு வந்து பார்க்கப்போவதில்லை. அவர் கொடுத்த டாலருக்கு ரசீது அந்தப் பையனின் கட்டுரைதான்.

குன்றின் மேல் பள்ளி

1842 ஆகஸ்டில் அபின் யுத்தத்தை முடித்த நான்ஜிங் ஒப்பந்தம். ஹாங்காங் ஆங்கிலேயர் கைக்குப் போனது. முதல் கவர்னர் ஹென்றி பாட்டிஞ்சர் சங்கத்துக்குப் புரவலராகி, ஒரு குன்றையே இடமாகக் கொடுத்தார். அந்த நவம்பரில் பள்ளி மக்காவிலிருந்து அங்கே மாறியது. குன்றுக்கு மாரிசன் குன்று என்றே பெயர் வந்துவிட்டது. புது வகுப்புகள் சேர்ந்தன. நாற்பது சொச்சம் என்று ஆரம்பத்தில் சொன்னது இந்தக் காலத்தைத்தான்.

வளர்ச்சியோடு புதுத் தலைவலியும் வந்தது. ஒப்பந்தத்தால் ஐந்து துறைமுகங்கள் வியாபாரத்துக்குத் திறந்தன. எங்கே பார்த்தாலும் இரண்டு மொழியும் தெரிந்த ஆள் தேவை. தூதரகத்துக்கு வேண்டும், கம்பெனிக்கு வேண்டும், நீதிமன்றத்துக்கு வேண்டும். கொஞ்சம் ஆங்கிலம் பேச வந்ததும் பையனை யாராவது நல்ல சம்பளம் சொல்லிக் கூப்பிடுவார்கள். வீட்டில், 'படித்தது போதும், வா' என்பார்கள். பெற்றோரிடம் இத்தனை வருஷம் பையனை எடுக்கக் கூடாது என்று உறுதி வாங்கிப் பார்த்தார் பிரவுன். அதெல்லாம் ஓரளவுக்குத்தான் செல்லும்.

யாரைக் குற்றம் சொல்வது? சங்கம் மேற்கத்திய அறிவைச் சீனாவுக்குள் கொண்டுபோகும் மனிதர்களை உருவாக்க நினைத்தது. சந்தா கொடுத்த வியாபாரிக்கு ஒரு நல்ல குமாஸ்தா கிடைத்தால் போதும். பெற்றோருக்கு மாதச் சம்பளம் வந்தால் போதும். பின்னிரண்டு தரப்பும் ஒரே பக்கம் இழுத்தன; நடுவில் பிரவுன் தனியாள்.

எழுந்து நின்ற மூவர்

1846 ஆகஸ்டில் பிரவுன் வகுப்பில் அறிவித்தார்: உடம்பு சரியில்லை, அமெரிக்கா திரும்புகிறேன். பழைய பையன்களில் சிலரைக் கூட அழைத்துப்போய்ப் படிக்கவைக்க விருப்பம். வர நினைப்பவர்கள் எழுந்து நிற்கலாம். வகுப்பு உறைந்துபோயிருந்தது. முதலில் எழுந்தவன் யுங் விங். பிறகு வோங் ஷிங், அப்புறம் வோங் ஃபூன்.

இதற்குப் பின்னால் நடந்த பண ஏற்பாடு ஒரு சங்கம் நல்லபடி வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அடையாளம். 'சைனா மெயில்' பத்திரிகை ஆசிரியர் ஆண்ட்ரூ ஷார்ட்ரீடும் இன்னும் சிலரும் பையன்களின் செலவை ஏற்றார்கள். ஆலிஃபண்ட் கம்பெனி கப்பலில் இலவச இடம் கொடுத்தது. இவை வழக்கமான உதவிகள். அசாதாரணமானது ஒன்று உண்டு: பையன்கள் வெளிநாட்டில் இருக்கும் காலத்தில் குறைந்தது இரண்டு வருஷத்துக்கு அவர்களுடைய பெற்றோருக்கும் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். மகன் போனால் வீட்டு வருமானம் போகும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். விதிப் புத்தகத்தில் இல்லாத இந்த ஒரு காரியத்தை நான் சங்கத்தின் மொத்தக் கணக்கிலும் உயர்ந்த செலவாக வைப்பேன்.

1847 ஜனவரி 4ஆம் தேதி கிளம்பி, ஏப்ரல் 12ஆம் தேதி நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். கற்பனைப் பயணம் எழுதியவன் நிஜமாகவே வந்து இறங்கினான். யுங் விங் 1854இல் யேலில் பட்டம் வாங்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவர். யேலுக்குப் போகுமுன் ஓர் உதவித்தொகை வந்தது; மிஷனரியாக வேண்டும் என்று எழுதித் தந்தால் கிடைக்கும். மாட்டேன் என்றுவிட்டார். வேறு இடத்தில் உதவி கிடைத்தது. பைபிளை நம்பினாலும் நம்பாவிட்டாலும் பள்ளியில் இடம் உண்டு என்ற விதியில் வளர்ந்த பையன் அப்படிச் சொன்னதில் அதிசயம் இல்லை.

மூடுவிழா

பிரவுன் போனபின் மேசி என்பவர் நடத்தினார். ஆனால் பிடிப்பு தளர்ந்துவிட்டது. பணக்கார வியாபாரிகளின் கண் ஷாங்காய் பக்கம் திரும்பியிருந்தது. ஹாங்காங்கில் மிஷன்கள் தாங்களே பள்ளி திறந்துகொண்டிருந்தன. 1849 வாக்கில் பள்ளி மூடப்பட்டது. அரசு மானியம் இல்லாமல், தலைமையகம் இல்லாமல், நாலு வியாபாரிகளின் உற்சாகத்திலும் ஒரே ஆசிரியரின் உடம்பிலும் நிற்கிற பள்ளி அவ்வளவுதான் தாங்கும். சங்கத்தின் புத்தகங்கள் பின்னால் ஹாங்காங் சிட்டி ஹால் நூலகத்துக்குப் போயின. மாரிசன் குன்றையே 1920களில் வெட்டி, அந்த மண்ணைக் கடலை நிரப்பப் பயன்படுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் தெருவுக்கு மிஞ்சியது.

பையன்கள் மிஞ்சினார்கள். அமெரிக்கா போய் உடம்புக்கு முடியாமல் சீக்கிரமே திரும்பிய வோங் ஷிங் அச்சுத் தொழிலில் பேர் வாங்கி, 1884இல் ஹாங்காங் சட்டசபையில் உறுப்பினரானார். வோங் ஃபூன் எடின்பரோவில் டாக்டருக்குப் படித்தார். அமெரிக்கா போகாத டோங் கிங்சிங் 1863இல் ஜார்டின் மேத்திசன் கம்பெனிக்கு இடைத்தரகராகி, பிறகு சீனாவின் முதல் பெரிய நீராவிக் கப்பல் கம்பெனியை நிர்வகித்தார். பழைய பொருளாளர் ஜார்டின் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சந்தா வீண்போகவில்லை என்றிருப்பார்.

யுங் விங் செய்ததுதான் பெரிது. தனக்குக் கிடைத்ததை நூறு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் அதிகாரிகளை நச்சரித்து, சீன அரசின் செலவிலேயே பையன்களை அமெரிக்காவுக்கு அனுப்பும் திட்டத்தை நிறைவேற்றினார். 1872 முதல் நான்கு ஆண்டுகளில் 120 பேர் போனார்கள். 1881இல், அமெரிக்கர்களாகவே மாறிவிடுகிறார்கள் என்று பயந்து, எல்லோரையும் அரசு திருப்பி அழைத்துக்கொண்டது. அதற்குள் யேலில் படிப்பை முடித்திருந்த ஒருவர் ஜான் தியன்யோ. 1909இல் திறந்த பெய்ஜிங்–ஜாங்ஜியாகோ ரயில் பாதையைக் கட்டியவர் அவர்தான்.

இம்முறை பணம் கொடுத்தது சந்தா நோட்டு அல்ல, பேரரசின் கஜானா. கேட்டவன் வெள்ளைக்காரன் அல்ல, சொந்தச் சீனன். இருந்தும் பிள்ளை பிடிப்பது சுலபமாக இல்லை. பதினைந்து வருஷத்துக்குப் பையனை விட்டுவிடுகிறோம், நோயோ விபத்தோ சாவோ நேர்ந்தால் அரசு பொறுப்பல்ல என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். ஷாங்காயில் தயாரிப்புப் பள்ளி திறந்து வடக்கே ஆள் தேடினார்கள். முதல் அணிக்கு வேண்டிய 30 பேர்கூடச் சேரவில்லை. கடைசியில் யுங் விங் ஹாங்காங்குக்கு வந்து, அங்கே ஆங்கிலப் பள்ளிகளில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பையன்களைத் தேர்ந்தெடுத்து எண்ணிக்கையை நிரப்பினார்.